தோற்றவர்களின் தலைநகரம்

செங்கல்பட்டை மலைத் தலைநகரம் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சுற்றிலும் இருப்பவை குன்றுகள்தான். ஆனாலும் 1565-இல் தலைக்கோட்டையில் செம அடி வாங்கிய விஜயநகர ராயர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி என்று மூட்டை முடிச்சோடு அலைந்த வம்சம், செங்கல்பட்டிலும் கோட்டை போட்டுக்கொண்டது. ஊருக்குத் தலைநகர் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் ஏரி, மற்ற பக்கமெல்லாம் சேறு. அடி வாங்கியவனுக்குத்தானே பாதுகாப்பான இடம் எதுவென்று தெரியும்!

பின்னாளில் இந்தக் கோட்டையையும் கடற்கரையிலிருந்த கோவளம் கோட்டையையும் பிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கோட்டை பிடிப்பதில் அவர்களுக்குத் தனிப்பாணி உண்டு. 1750-இல் மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் ஒரு கப்பலை நிறுத்தி, ‘ஸ்கர்வி நோய், சாகக் கிடக்கிறோம், கரையில் இடம் கொடுங்கள்’ என்று அழுதார்கள். காசு தேறும் என்று நம்பிய கோட்டைத் தலைவர், தள்ளாடி வந்த முப்பது பேரை உள்ளே விட்டார். ராத்திரி ஆனதும் சீக்காளிகள் துணிக்குள்ளிருந்து ஆயுதத்தை உருவினார்கள். சிவாஜி கணேசனே எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

1752-இல் கோவளம் கோட்டையை மீட்க ஆங்கிலேயத் தளபதி கிளைவ் வந்தார். கூட வந்த வெள்ளைக்காரர்கள் இருநூறு பேரும் லண்டன் தெருக்களில் அள்ளி வந்த கத்துக்குட்டிகள். கோட்டையிலிருந்து ஒரே ஒரு குண்டு; ஒருவன் செத்தான், மீதிப்பேர் திரும்பி ஓடினார்கள். பீரங்கிச் சத்தம் கேட்ட காவல்காரன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள். சாம்ராஜ்யத்தைக் கட்டியவர்கள் இவர்கள்தான். கிளைவ் தானே குண்டு விழும் இடத்தில் போய் நின்று காட்டி, வெட்கப்பட வைத்தே இவர்களைச் சிப்பாய்களாக்கினார். கோவளம் பணிந்தது. உதவிக்குச் செங்கல்பட்டிலிருந்து வந்த படையை வழியிலேயே மடக்கி, துரத்திக்கொண்டு போய், செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார்.

கோட்டை கைமாறியது, குணம் மாறவில்லை. 1780-இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை மைசூரின் ஹைதர் அலி நொறுக்கியதும், இன்னொரு ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டு எங்கே ஓடி வந்தார்? செங்கல்பட்டுக்குத்தான். பக்ஸார் போரில் ஜெயித்த அதே மன்றோ!

கோவளம் கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர விடுதி நிற்கிறது. அங்கே அறை கேட்டு வருகிறவர், எவ்வளவு சீக்காளியாக நடித்தாலும் முன்பணம் கட்டியே ஆகவேண்டும்.