தேனீக்கு மட்டும் தெரியும் வட்டம்

கேள்வி: காட்டுப்பூவைச் சாதாரண ஒளியில் ஒரு படம், புற ஊதா ஒளியில் ஒரு படம் என்று எடுக்கிறார்களே, ஒன்று போதாதா?

பதில்: உங்களுக்குப் போதும், தேனீக்குப் போதாதே! நம் கண் சுமார் 400 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே, அதாவது புற ஊதாவில், கடையை மூடிவிடும். தேனீக்கு ஏறக்குறைய 300 வரை வியாபாரம் உண்டு. வட அமெரிக்கப் புல்வெளிகளில் பூக்கும் ருட்பெக்கியா ஹிர்ட்டாவைப் பாருங்கள். நமக்கு இதழ் முழுக்க ஒரே மஞ்சள். புற ஊதாப் படத்திலோ இதழ் நுனி பளிச், அடிப்பாகம் கன்னங்கரேல்! அங்குள்ள ஃபிளேவனால் என்ற நிறமிகள் புற ஊதாவை விழுங்கிவிடுகின்றன. ‘சாப்பாடு இங்கே’ என்று தேனீக்கு வட்டம் போட்டுக் காட்டுகிறது பூ.

உடனே செல்போனோடு கிளம்பிவிடாதீர்கள். கேமரா சென்சாருக்குப் புற ஊதா ஓரளவு தெரியும். முன்னால் உள்ள ஃபில்டர்தான் மறிக்கிறது. அதைக் கழற்றி, புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை மாட்ட வேண்டும். சாதாரண லென்ஸ் பெரும்பாலும் காலை வாரும். குவார்ட்ஸ் லென்ஸ் உத்தமம். அதன் விலையைக் கேட்டால், தேனீ கொட்டாமலே முகம் வீங்கும்!