டாங்கியைக் கையில் கட்டியவர்கள்

ஆகாயத்தில் பறக்கிற மனிதனுக்கு மணி பார்க்க என்ன அவசரம்? ஆபீஸுக்கா போகிறான்?

ஆல்பெர்டோ சாண்டோஸ்-துமோன் ஆபீஸுக்குப் போகிற ரகமே இல்லை. பிரேசில் காப்பித் தோட்டத்து வாரிசு. அப்பன் சொத்தைக் கரைக்கப் பாரிஸுக்கு வரும் பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். குதிரை, சீட்டு, நடனக்காரி என்று ஒரு வரிசைப்படி கரைப்பார்கள். இவர் ஹைட்ரஜன் வாயுவில் கரைத்தார். வீட்டில் ஆளுயரத்துக்கு மேல் மேஜை நாற்காலி போட்டு, விருந்தாளிகளை மேலே ஏற்றிச் சாப்பாடு போட்டார். உயரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று ஒத்திகையாம். பரிமாறியவர் பட்ட பாட்டை எந்த வரலாற்று ஆசிரியரும் எழுதவில்லை. 1903-ல் தன் குட்டி ஆகாயக் கப்பலை ஷாம்ப்ஸ்-எலிசே வீதியில் வீட்டு வாசலில் கட்டிப்போட்டுவிட்டு, மாடிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார். போக்குவரத்துப் போலீஸ்காரர் எந்தச் சட்டத்தில் அபராதம் போடுவார், பாவம்!

இப்பேர்ப்பட்டவருக்கு நேரம் முக்கியமானது ஒரு பந்தயத்தால். பாரிஸை ஒட்டிய சான்-க்ளூவிலிருந்து கிளம்பி ஈஃபில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு அரைமணிக்குள் திரும்பினால் 1,00,000 ஃபிராங்க். 1901 ஆகஸ்டில் போனார். கப்பல் வாயுவிழந்து டிரோகடேரோ ஹோட்டலின் சுவரில் தொங்கியது. தீயணைப்புப் படை வந்து அவரைக் கயிறு போட்டு மீட்டது. அக்டோபர் 19-ல் மறுபடி போனார். இந்த முறை கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பியே விட்டார். எல்லைக்கோட்டைத் தாண்டும்போது அரைமணி ஆகவில்லை. ஆனால் கீழே நின்ற ஆட்கள் கயிற்றை எட்டிப் பிடித்தபோது அரைமணி தாண்டிவிட்டது. தாண்டியது கணக்கா, பிடித்தது கணக்கா? நடுவர்கள் தாடியைத் தடவினார்கள், ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், கடைசியில் பரிசு வந்தது. அடித்துப் பிடித்து வாங்கிய பணத்தை மனிதர் தன் ஆட்களுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். இதற்கா இவ்வளவு சண்டை?

பிறகு, கார்த்தியே வீட்டார் இன்றுவரை சொல்லும் கதைப்படி, தன் நண்பரிடம் புலம்பினார். இரண்டு கையும் விசைகளில் இருக்கும்போது, கோட்டுப் பைக்குள் துழாவி, சங்கிலியை இழுத்து, மூடியைத் திறந்து மணி பார்ப்பதற்குள் கோபுரம் எதிரே வந்து நிற்கிறது! நண்பர் லூயி கார்த்தியே, 1847-ல் தாத்தா தொடங்கிய நகைக்கடையின் மூன்றாம் தலைமுறை. 1904-ல் சதுரமாக ஒரு கடிகாரம் செய்து, வார் கோத்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும்படி கொடுத்தார். சட்டத்தில் திருகாணிகள் அப்படியே வெளியே தெரிந்தன. கைக்கடிகாரம் என்பது அப்போது பெண்கள் சமாச்சாரம். ஆம்பளை என்றால் பை, சங்கிலி, தொப்பை மூன்றும் வேண்டும். ஆனாலும் ஆகாயத்தில் பறக்கிறவன் கட்டினால் யார் என்ன சொல்ல முடியும்? 1911-ல் அதையே கடையில் வைத்தார்கள். நாற்காலியைவிட உயரமான எதிலும் ஏறாத கனவான்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த கூச்சத்தை முதல் உலகப்போர் போக்கியது. பதுங்குகுழியில் முழங்கால் சேற்றில் நிற்கிறவன் சங்கிலிக் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சிப்பாய்கள் கையில் கட்டினார்கள். சிப்பாயை அலங்காரப் பிரியன் என்று கேலி செய்ய எவனுக்கும் தைரியம் வரவில்லை.

இங்கேதான் லூயிக்கு ஞானோதயம். 1917. ரெனோ கம்பெனி எஃப்.டி. என்ற சின்ன டாங்கியைச் செய்துகொண்டிருந்தது. ஆறரை டன் இரும்பு, உள்ளே இரண்டே பேர், உச்சியில் முழுவட்டம் சுற்றும் பீரங்கிக் கூண்டு. மேலேயிருந்து பார்த்தால் இருபக்கமும் இரண்டு நீளப் பட்டைகள், நடுவில் பெட்டி. வேறு யாராவது இருந்தால் ‘ஐயோ’ என்று ஓடியிருப்பார்கள். லூயி, ‘அடடா, இரவு விருந்துக்கு என்ன பொருத்தம்!’ என்று நினைத்தார் போலிருக்கிறது. பட்டைகளைத் தங்கத்தில் செய்து, அவற்றின் நுனியிலேயே வாரைக் கோத்து, நடுவில் முகப்பை வைத்தார். பெயரையும் மாற்றவில்லை: டாங்க். ஒரு தலைமுறை ஆண்பிள்ளைகளைப் போர் விழுங்கிக்கொண்டிருந்தபோது, அதன் வாகனத்தைக் கைக்கு அடக்கமாக்கிச் சட்டைக் கைமடிப்புக்குள் நுழைத்த மனதை மெச்சுவதா, திட்டுவதா? வடிவம் மட்டும் பிசகவில்லை. நூறு வருஷம் கழித்தும் அதில் ஒரு கோடு கூடுதல் என்று சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல்.

முதல் மாதிரியை அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார்கள் என்பது கடையின் தலபுராணம். 1919-ல் விற்பனைக்கு வைத்தவை மொத்தம் ஆறே ஆறு. போர் முடிந்திருந்தது.

அதே 1917-ல் நியூயார்க்கில் லூயியின் தம்பி பியேர் செய்த வியாபாரத்தைச் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. ஐந்தாம் அவென்யூவில் மார்ட்டன் பிளான்ட் என்ற கோடீஸ்வரருக்கு ஒரு மாளிகை. அவர் மனைவி மெய்ஸிக்கு, பியேரிடம் இருந்த இரட்டைச்சர முத்துமாலை மேல் ஒரு கண். விலை 10 லட்சம் டாலர். ‘மாலையை வைத்துக்கொள்ளுங்கள், கூடவே 100 டாலரும் தருகிறேன், வீட்டைக் கொடுங்கள்’ என்றார் பியேர். கொடுத்துவிட்டார்கள்! பின்னால் ஜப்பானிலிருந்து வளர்ப்பு முத்துகள் வந்து குவிந்தன. முத்து விலை படுத்தது. 1957-ல் அந்த மாலை ஏலத்துக்கு வந்தபோது சுமார் ஒன்றரை லட்சம் டாலர்தான் தேறியது. வீடு இன்னும் ஐந்தாம் அவென்யூவில்தான் நிற்கிறது. உள்ளே கார்த்தியே கடை. அந்த 100 டாலரை எதற்குச் சேர்த்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பேரம் படிந்த சந்தோஷத்தில் கொசுறோ என்னவோ.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். உள்ளே ஓடும் இயந்திரத்தைக் கார்த்தியே செய்யவில்லை. 1907-லேயே எட்மண்ட் ஜெகர் என்ற நுட்பக்காரரோடு ஒப்பந்தம். இயந்திரம் சுவிட்சர்லாந்தில் லகூல்த்ர் பட்டறையிலிருந்து வரும். ஓடுவது சுவிஸ்காரன், பெயர் வாங்குவது பாரிஸ்காரன். வழக்கமான டாங்கில் நொடிமுள் கிடையாது. சுற்றிலும் தண்டவாளம் போல நிமிஷக் கோடுகள். ரோமன் நாலை IV என்று போடாமல் IIII என்று நாலு குச்சி நட்டிருக்கும். பிற்காலத்து முகப்புகளில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், VII-ன் ஒரு காலில் கடையின் பெயர் பொடியெழுத்தில் ஒளிந்திருக்கும், போலிக்காரனைப் பிடிக்க. சாவி திருகில் ஒரு நீலக்கல். பழைய டாங்குக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் நின்றுவிடும்.

நின்றால்தான் என்ன? ஓவியர் ஆண்டி வார்ஹோல் தன் டாங்குக்குச் சாவியே கொடுத்ததில்லை. மணி பார்க்க அதைக் கட்டவில்லை என்று பகிரங்கமாகவே சொன்னார். அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1926-ல் வந்த ஊமைப்படம் ‘தி சன் ஆஃப் தி ஷேக்’. நாயகன் ருடால்ஃப் வாலண்டினோ பாலைவனத்து அரபு வாலிபனாக அங்கி, தலைப்பாகை சகிதம் தோன்றுகிறார். மணிக்கட்டில் பாரிஸ் டாங்க்! மணல் புயலில் யாருக்கு மணி பார்க்க வேண்டும்? ஆனால் கழற்றவில்லை. நாயகன் கழற்றமாட்டேன் என்றால் டைரக்டர் என்ன செய்வார்? எல்லா ஊர் சினிமாவுக்கும் இதே கதைதான்.

பிற்பாடு அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் ஆளுக்கொரு கிளையாக விற்றார்கள். 1972-ல் பாரிஸ் கடை கைமாறியது. வாங்கிய கூட்டத்தில் ரோபெர் ஓக் என்ற சிகரெட் லைட்டர் வியாபாரி. 1970-களிலேயே ‘மஸ்ட்’ என்ற பெயரில் மலிவு டாங்க் வந்தது: வெள்ளிமேல் தங்க முலாம். நம் பாஷையில் கவரிங். ராஜாக்களுக்கு நகை செய்த வீடு கவரிங் போட்டதும் பழைய வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளித்தார்கள். வீடு பிழைத்தது அந்தக் கவரிங்கால்தான்.

டாங்க் ஒரே ஒரு தடவை நேரத்தைத் துல்லியமாகச் சொன்னது, அதுவும் முதுகில். 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கிளப்பிவிட்டதில் 50 மைல் நடை நாடெங்கும் பித்தாகப் பரவியது. அவர் மனைவி ஜாக்கியின் தங்கை புருஷன் ஸ்டாஸ் ராட்ஸிவில் ரோஷப்பட்டு ஃபுளோரிடாவில் நடந்தே முடித்தார். அதன் நினைவாக ஒரு தங்க டாங்க் வாங்கி, பின்பக்கத்தில் ‘23 பிப்ரவரி, அதிகாலை 2.05 முதல் இரவு 9.35 வரை’ என்று பொறித்து ஜாக்கிக்குக் கொடுத்தார். கால் வலித்தது தங்கை புருஷனுக்கு, கடிகாரம் கிடைத்தது அக்காவுக்கு. 2017-ல் கிறிஸ்டி ஏலத்தில் அது 3,79,500 டாலருக்குப் போனது.

இதையே நம்மூர் அடகுக்கடைக்காரரிடம் நீட்டிப் பாருங்கள். ஜாக்கி, வாலண்டினோ, ஆகாயக் கப்பல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார். கடிகாரத்தைப் புரட்டி 2.05, 9.35 எல்லாம் படிப்பார். உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார். பிறகு, “18 காரட்தானே சார்? வாரைக் கழிச்சுடுவேன், மிஷினையும் கழிச்சுடுவேன். பின்னாடி எழுத்து வேற கிறுக்கியிருக்கு” என்பார்.