குளங்காய்ச்சு படலம்

ரொறன்ரோ பெருநகரின் கிழக்கே, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டுப் பின்வளவில் குளம் வெட்டிக் கோய் மீன் விட்டோர்க்கு நவம்பர் பிறந்ததும் எழும் ஐயம் ஒன்றே: குளத்தைச் சூடாக்குவது எங்ஙனம்? அவ்வையம் களைதல் இவ்வாய்வு நுதலிய பொருள். கேட்போர் யாரெனின், குளம் உடையோரும், குளம் உடையோரை மச்சானாகப் பெற்றோரும். ஆய்வாளர் இரண்டாம் வகையினர்.

முதற்கண் நிலமும் பொழுதும். தொல்காப்பியர் பெரும்பொழுதை ஆறாக வகுத்து அவற்றுள் இரண்டைப் பனிக்கு ஒதுக்கினார். ஆனால் அவருடைய முன்பனியிலோ பின்பனியிலோ குளம் கல்லாகவில்லை. இங்கே சனவரியின் சராசரி வெப்பமே உறைநிலைக்குக் கீழே. ஐந்திணையுள் அடங்காத இந்நிலத்துக்குக் கருப்பொருள் பின்வருமாறு கொள்க: பறவை, கனடா வாத்து; விலங்கு, ரக்கூன்; பறை, அயலவரின் ஸ்நோ தள்ளும் மெஷின். உரிப்பொருள், கறண்ட் பில் கண்டு இரங்கல்.

இனி, சூடாக்கியே ஆகவேண்டும் என்பாரின் கட்சி. மச்சான் இக்கட்சியின் தலைவரும் ஒரே உறுப்பினரும் ஆவார். “நாங்கள் ஹீற்றர் போட்டுக்கொண்டு இருக்கிறம், அதுகள் வாயில்லாச் சீவன், அதுகளுக்குக் குளிராதோ?” என்பது அவர் வாதம். குளிரும் என்பதற்குச் சான்று கேட்டபோது, மீன்கள் அடியிலே அசையாமல் கிடப்பதைக் காட்டினார். அசையாமை துன்பத்தின் அடையாளம் எனின், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மச்சானையும் சூடாக்க வேண்டிவரும்.

கோய் கெண்டைக் குலத்தது. அதற்கென்று தனி உடற்சூடு இல்லை; தண்ணீரின் சூடே அதன் சூடு. தண்ணீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சமிபாடு மந்தமாகும். அதனால் தீன் போடுவதை நிறுத்திவிடுவர். மேலும் குளிர்ந்தால் அது அடியில் போய்க் கிடந்து, சேர்த்துவைத்த கொழுப்பில் குளிர்காலத்தைக் கடத்தும். ஏன் அடியில்? தண்ணீர் 4 பாகையளவில்தான் மிக அடர்த்தியானது. ஆகவே அந்த நீர் கீழே இறங்க, அதனிலும் குளிர்ந்தது மேலே நின்று உறைகிறது. உறைந்த கட்டியும் அதன்மேல் விழுந்த ஸ்நோவும் குளத்துக்குச் செலவில்லாத போர்வை. அந்தப் போர்வையை உருக்கிவிட்டுக் குளத்துக்குக் குளிர்கிறதே என்று வருந்துவதுதான் சூடாக்கற் கட்சியின் வேலைத்திட்டம்.

அற்றேல், கோய் வளர்ப்புக்குப் பேர்போன ஜப்பானின் நீகாட்டாவில் சூடாக்குகிறார்களே எனின், சூடாக்குகிறார்கள்தான். அது ஆள் உயரத்துக்கும் மேலே ஸ்நோ கொட்டும் மலைநாடு. ஒக்டோபர் அளவில் மண் குளங்களிலிருந்து மீனை வலைபோட்டு எடுத்துக் கொட்டகைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோவர். குஞ்சு மீன்கள் குளிர்காலத்திலும் தின்று வளரவேண்டும் என்பதற்காகத் தொட்டிநீரைச் சூடாக்கி வைப்பர். அவர்கள் வியாபாரிகள், வளர்ந்த அங்குலம் ஒவ்வொன்றும் காசு. மச்சானோ இன்றுவரை ஒரு மீனும் விற்றவரல்லர். வாங்கிய விலையை என் தங்கைக்குச் சொன்னவரும் அல்லர்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். மச்சானின் குளம் 8 சதுர மீற்றர் பரப்பும் 1.25 மீற்றர் ஆழமும் உடையது. அதாவது 10,000 லீற்றர். இதை ஒரு பாகை ஏற்ற ஏறக்குறைய 11.6 கிலோவாற் மணி வேண்டும். 4 பாகையிலிருந்து 20க்கு ஏற்ற 186 போதும். “அவ்வளவுதானே!” என்றார் மச்சான், முகமலர்ந்து. ஏற்றுவது அவ்வளவுதான், அங்கே நிறுத்தி வைப்பதில்தான் நூலின் உயிர் கிடக்கிறது. திறந்த குளத்தில் ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது, ஏறக்குறைய 580 லீற்றரை ஒரு பாகை குளிர்விக்கும் அளவு சூட்டைத் தன்னோடு கொண்டுபோகிறது. காற்றடிக்கும் சனவரியில் சதுர மீற்றருக்கு 500 வாற் இழப்பு என்று இரக்கத்தோடு வைத்தாலும், குளம் முழுதுக்கும் 4 கிலோவாற், நாளுக்கு 96 கிலோவாற் மணி, மாதத்துக்கு 2,880. ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் வழமையான ஒரு வீட்டுக்கு மாதம் 700 என்று கணக்கு வைக்கிறது. ஆக, பின்வளவில் நாலு குடும்பம் குடியிருக்கிறது.

வழிகளை ஆராய்வோம். காஸ் பொயிலர் வைக்கலாம். ஆனால் செப்புக் குழாய் மீனுக்கு நஞ்சு என்பதால் ரைற்றேனியம் வேண்டும், அதன் விலை கேட்டபின் மச்சானுக்கே உடம்பு குளிர்ந்தது. நீச்சல் குளத்துக்கான ஹீற் பம்ப் உறைநிலையை நெருங்கும்போது சோர்ந்துவிடும், அதாவது தேவைப்படும் நாள் பார்த்துத்தான் படுக்கும். சூரியன் இலவசம், ஆனால் டிசம்பர் பிற்பகுதியில் ஒன்பது மணித்தியாலம்கூட நிற்பதில்லை. பேஸ்மென்றில் தொட்டி வைக்கலாம் என்ற யோசனைக்குத் தங்கை, “இஞ்சாருங்கோ, அப்ப மாமி எங்க படுக்கிறது?” என்று ஒரே வரியில் மறுப்புரை எழுதினாள்.

எஞ்சுவது மூடி. பொலிகாபனேற் தகடோ பிளாஸ்ரிக் விரிப்போ குளத்தின்மேல் கூடாரமாக நின்றால் காற்றும் ஆவியாதலும் அடங்கும். சூடாக்கியே தீருவேன் என்பவர் முதற்காசை இதற்குக் கொடுப்பாராக.

சூடாக்கற் கட்சிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. மச்சான் அதைச் சொல்லாததால் ஆய்வாளரே சொல்கிறார். ஆபத்து சனவரியில் இல்லை, ஏப்ரலில் இருக்கிறது. தண்ணீர் 5 பாகையைத் தாண்டி 16, 17ஐத் தொடும்வரை, ஏரோமோனஸ் போன்ற பக்றீரியா முந்தி விழிக்க, மீனின் எதிர்ப்புச் சக்தி பிந்தி விழிக்கிறது என்பது வளர்ப்போர் அனுபவம். அந்த இடைவெளியை விரைவாகக் கடக்கச் சில வாரம் மெல்ல மெல்லச் சூடாக்குவதில் நியாயம் உண்டு.

குளிர்காலத்தில் குளம் கேட்பது ஓர் ஓட்டை மாத்திரமே. அடியில் அழுகும் இலைகளின் வாயு வெளியேறவும் ஒட்சிசன் உள்ளே போகவும் கட்டியில் ஒரு வாசல் வேண்டும். மிதக்கும் டி-ஐசர் 300 வாற்றில் அதைச் செய்யும். 30 வாற் காற்றுப் பம்ப் இன்னும் சிக்கனம். பம்பின் குமிழி விடும் கல்லை அடியில் போடாது மேல் படியில் வைக்க. அடியில் போட்டால் 4 பாகை நீரைக் கிளறி மேலே அனுப்பிவிடும்.

இரண்டும் பழுதாகி வாசல் மூடிக்கொண்டால் சுத்தியலால் அடிக்கலாமோ எனின், ஆகாது. அந்த அதிர்வு நீர்வழியே போய் மீனைத் தாக்கும். கொதிநீர் நிரப்பிய பானையைக் கட்டியின்மேல் வைத்தால் அது தானே உருக்கி இறங்கும். பானைக்கு ஒரு கயிறு கட்டுக. இவ்வழி எல்லாவற்றிலும் சிறந்தது, மலிந்தது. குறை ஒன்றே: கடுங்குளிரும் தைப்பொங்கலும் ஒரே கிழமையில் வருவதால், பொங்கல் பானையைத் தங்கை தரவில்லை. இப்போது களத்தில் நிற்பது கைபிடி கழன்ற பழைய பிரஷர் குக்கர். அதற்கு விசில் போடவேண்டுமோ என்று மச்சான் கேட்டனுப்பியிருக்கிறார். வேண்டியதில்லை.