மியூட் போட மறந்த கொலையாளி

சனிக்கிழமை இரவு 9.25. "நான் ரெடி. யாரெல்லாம் வர்றீங்க?" என்று வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி வந்து விழும். போட்டவர் சீனியர். 9.31க்கு அவரே, "அஞ்சு நிமிஷம்ப்பா, பால் அடுப்புல இருக்கு" என்பார். அப்புறம் 9.50 வரை பேச்சு மூச்சு இருக்காது. மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு நிறத்தில் பொம்மை விண்வெளி வீரர்களாகக் காத்திருப்பு அறையில் வட்டமடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவழியாக உள்ளே வந்ததும் சீனியர் கேட்கும் முதல் கேள்வி: "ஏன் இன்னும் ஆரம்பிக்கலை?"

சீனியர் என்பது தனி ஆளின் பெயரல்ல, ஒரு ரகம். 'அமாங் அஸ்' ஆடும் பழைய குழு எதை எடுத்தாலும் அதில் ஒருவராவது அகப்படுவார். 2020 ஊரடங்கில் ஆட்டத்துக்குள் வந்தவர். அப்போது மகள் தொட்டிலில் இருந்தாள். அவளுக்காக எப்படியும் விழித்திருக்கத்தான் வேண்டும் என்பதால், இரவு 2 மணிக்கு "கடைசியா ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கி 4 மணிக்கு முடிப்பார். இன்று மகள் ஒன்றாம் வகுப்பு. கூடவே வீட்டுக் கடன், இடுப்பு வலி, நினைத்த நேரத்தில் கூப்பிடும் அலுவலகம். எல்லாம் சேர்ந்த பிறகும் ஆட்டத்தை அவர் விட்டபாடில்லை.

தெரியாதவர்களுக்காக ஆட்டம் இதுதான். ஒரு விண்கலம். அதில் எல்லோரும் வேலைக்காரர்கள். அவர்களுக்குள் ஓரிருவர் மட்டும் வேலை செய்வதுபோல நடிக்கும் இம்போஸ்டர்கள். நல்லவர்கள் வயரை இணைப்பது, குப்பையைக் கொட்டுவது, கார்டைத் தேய்ப்பது என்று திரிவார்கள். இம்போஸ்டர் தனியாக மாட்டியவரைத் தீர்த்துவிட்டுத் தரைக்குழாய்க்குள் புகுந்து மறைவார். யாராவது பிணத்தைப் பார்த்துப் புகார் கொடுத்தால் கூட்டம் கூடும். சண்டை, சத்தியம், கண்ணீர், ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவரை விண்வெளியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இத்தனை வருட அனுபவத்தில் சீனியருக்கு இன்றுவரை கைவராதது கார்டு தேய்ப்பது. கொஞ்சம் வேகமாக இழுத்தால் 'வேகம் அதிகம்' என்னும். நிதானமாக இழுத்தால் 'வேகம் குறைவு' என்னும். அவர் எட்டாவது தடவையாக இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து குத்திவிட்டுப் போவார்கள். குழுவில் பாதிப் பேரின் முதல் கொலை அந்த இடத்தில் நடந்ததுதான்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் சீனியர் வரலாறு சொல்வார். "நீங்கள்லாம் இதை 2020ல வந்த விளையாட்டுன்னு நினைக்கறீங்க" என்று ஆரம்பிப்பார். சொல்வதில் தப்பிருக்காது. அப்போது மூன்றே பேர் இருந்த இன்னர்ஸ்லாத் நிறுவனம் இதை வெளியிட்டது 2018 ஜூனில். இரண்டு வருடம் சீண்ட ஆளில்லை. ஊரடங்கில்தான் உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. 2020 அக்டோபரில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் இதை ஆடியபோது ஒரே நேரத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அங்கே நிறுத்தமாட்டார். அடுத்து மாஸ்கோ. 1980களின் பிற்பகுதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கிய 'மாஃபியா'தான் இந்தக் குடும்பத்துக்கே தாத்தா. விஷயம் தெரிந்த சிலர் ஒரு பக்கம், ஒன்றும் தெரியாத பலர் மறுபக்கம். சீட்டும் பேச்சும் போதும். வேறு சாமான் வேண்டாம். 1997ல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் அதில் மாஃபியாவை எடுத்துவிட்டு ஓநாய் மனிதர்களை வைத்தார். பகலில் பக்கத்து வீட்டுக்காரன், ராத்திரியில் மிருகம் என்பது ஆட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. "அதெல்லாம் விடுங்க, நாம அஞ்சாங்கிளாஸ்ல ஆடலையா?" என்று சீனியர் கடைசியில் சொந்த ஊருக்கு வந்து சேர்வார். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிய சீட்டு. திருடன் முகத்தை வெள்ளந்தியாக வைத்துக்கொள்ள, போலீஸ் உற்றுப் பார்த்துக் கைகாட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் போலீஸின் மதிப்பெண் திருடனுக்கு. இந்த உரை முடிவதற்குள் இரண்டு பேர் தூங்கப் போயிருப்பார்கள்.

ஆட்களைப் படிப்பதில் சீனியருக்கு இணை கிடையாது. சிங்கப்பூர்க்காரர் பொய் சொல்லும்போது "சத்தியமா" என்பதை இரண்டு தடவை சொல்வார். நியூஜெர்சி அக்கா இம்போஸ்டராக இருந்தால் மற்றவர்களுக்கு உதவிக்குப் போவார்; நல்லவராக இருந்தால் கண்டுகொள்ளமாட்டார். லண்டன் தம்பி இருமினால் கொலை. எல்லாம் வருடக்கணக்கில் சேர்த்த அறிவு. இந்த அறிவுதான் இப்போது அவர் காலை வாருகிறது.

இந்த ஆட்டத்தில் கைரேகை இல்லை, கேமராப் பதிவு இல்லை. சாட்சி என்று இருப்பது பெரும்பாலும் பேச்சும் பேசாமையும்தான். யார் தயங்குகிறார்கள், யார் அவசரப்படுகிறார்கள், யார் வாயே திறக்கவில்லை? 2020ல் கேள்வி கேட்டு 4 நொடி ஒருவர் சும்மா இருந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். அன்று எல்லோரும் சும்மா இருந்தவர்கள்; அதனால் சும்மா இருந்தது குற்றம். இன்று 4 நொடி மௌனத்துக்கு நாற்பது காரணம் இருக்கிறது. குக்கர் மூன்றாவது விசில், வாசலில் டெலிவரி பையன், மாமியார் போன், பிள்ளைக்குத் தண்ணீர். சீனியர் பழைய கணக்குப்படி கையை நீட்டுவார்: "ஆரஞ்சு பேசவே இல்லை, ஆரஞ்சுதான்." ஆரஞ்சைத் தூக்கிப் போடுவார்கள். ஆரஞ்சு அப்பாவி. பாவம், ஆரஞ்சு அந்த நேரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

போதாததற்கு கடிகாரம் வேறு. இந்தியாவில் இரவு 9.30 என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு 12. நியூஜெர்சியில் கோடையில் பகல் 12, குளிர்காலத்தில் காலை 11. அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்புவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆகவே வருடத்தில் சில வாரங்கள் ஆளுக்கொரு நேரத்தில் வந்து, "யாருமே இல்லையே" என்று குழுவில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருவர் பாதித் தூக்கத்தில் பொய் சொல்கிறார், இன்னொருவர் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே பொய் சொல்கிறார். இதில் குரல் நடுக்கத்தை வைத்து என்ன கண்டுபிடிப்பது?

இந்த நிலையில்தான் மகள் விவகாரம் நடந்தது. குழு டிஸ்கார்ட் செயலியில் பேசிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கும் நொடியில் எல்லோரும் மியூட் போட வேண்டும். கூட்டம் கூடினால்தான் எடுக்க வேண்டும். அன்று சீனியர் மறந்துவிட்டார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. மடியில் உட்கார்ந்திருந்த மகள், புதிதாக எழுத்துக்கூட்டப் படித்தவள், உரக்க ஆரம்பித்தாள்: "ஐ... எம்... பி... ஓ... அப்பா, இம்பாஸ்டர்னா என்னப்பா?"

நான்கு நாடுகளில் எட்டு வீடுகள் கேட்டன. முதல் கூட்டத்திலேயே ஏழுக்கு ஏழு ஓட்டு விழுந்து சீனியர் விண்வெளியில் மிதந்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே குரல், அதே கேள்வி, அதே திறந்த மைக். ஆனால் இந்தத் தடவை குழு அசையவில்லை. "சீனியர் வேலையைக் காட்டறார், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக் குழப்பறார்" என்றார் சிங்கப்பூர்க்காரர். "ரெண்டாவது தடவையும் யாராவது மறப்பாங்களா?" என்றார் அக்கா. மறந்திருந்தார். உண்மையிலேயே அவர்தான் இம்போஸ்டர். ஒவ்வொருவராக முடித்து ஜெயித்தார். சொல்லிக்கொடுத்தாரா இல்லையா என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. கேட்டால் மகளைப் பார்த்துச் சிரிக்கிறார், மகளும் சிரிக்கிறாள்.

இந்தக் குழப்பங்களுக்குப் பிறகு குழு உட்கார்ந்து பேசிச் சில சட்டங்கள் போட்டது. முதல் சட்டம், முடிவு நேரம். தொடங்கும் நேரத்தை யாரும் மதிப்பதில்லை. முடியும் நேரம் தெரிந்தால்தான் வேலை உள்ளவர்கள் நிம்மதியாக வருவார்கள். 10.45 என்று வைத்தார்கள். இரண்டாவது, பேச்சும் ஓட்டும் சேர்த்து 90 நொடி. மூன்றாவது, அடுப்படிச் சட்டம்: நடுவில் எழுந்து போக வேண்டியவர் குழுவில் அடுப்பு என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போகலாம்; அந்த நேரத்து மௌனத்தைச் சாட்சியாக எடுக்கக் கூடாது. செத்துப்போன சாட்சிக்கு உயிர் கொடுக்கும் சட்டம் இது. அறிவித்துவிட்டுப் போனவரின் மௌனம் மௌனமல்ல என்றால், அறிவிக்காதவரின் மௌனத்துக்கு மறுபடி மதிப்பு வந்துவிடுகிறது. முதல் வாரமே சீனியர் வீட்டில் ஒரே இரவில் மூன்று தடவை பால் பொங்கியது. மூன்று தடவையும் எங்கோ பிணம் விழுந்தது. "வீட்ல மாடு வளர்க்கறீங்களா அண்ணா?" என்று லண்டன் தம்பி கேட்டான். மறு வாரம் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அடுப்புதான் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள்.

அடுத்தது செத்தவர்கள் பிரச்சினை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வரும் ஆளை முதல் நிமிடத்திலேயே கொன்று மூலையில் உட்காரவைத்தால் அடுத்த வாரம் வருவாரா? மாஃபியாவின் பழைய குறை இது. பிற்பாடு வந்த ஆட்டங்கள் பலவும் இதைத்தான் சரிசெய்யப் பார்த்தன. 'ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃப்' ஒரே இரவு, சில நிமிடப் பேச்சு, ஓர் ஓட்டு என்று முடிந்துவிடும். நடுவில் யாரும் வெளியேறுவதில்லை. 'பிளட் ஆன் தி க்ளாக்டவர்' ஆட்டத்தில் செத்தவர்களும் பேசலாம், மிச்ச ஆட்டத்துக்கு ஓர் ஓட்டும் வைத்திருக்கலாம். அமாங் அஸ்ஸில் ஆவிகள் மிச்ச வேலையை முடிக்கலாம்; 2021 நவம்பரில் வந்த பாத்திரங்களில் ஒன்றான காவல் தேவதை, செத்த பிறகு உயிரோடிருப்பவருக்குக் கவசம் போடும் வேலை. குழு அந்தப் பாத்திரத்தைச் சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு சீனியர் உயிரோடு இருந்ததைவிடச் செத்த பிறகுதான் சுறுசுறுப்பு. கார்டு மட்டும் இன்னும் தேய்க்க வரவில்லை.

எத்தனை இம்போஸ்டர் என்பதிலும் ஒரு தகராறு. 2008ல் பிரேவர்மன், எடெசாமி, மோசெல் மூவரும் எழுதிய கணிதக் கட்டுரை ஒன்று, மாஃபியா ஆட்டம் இரு பக்கத்துக்கும் சமமாக இருக்கக் கொலைகாரர் எண்ணிக்கை, மொத்த ஆட்களின் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தால் போதும் என்று காட்டுகிறது. அது பெரும் எண்ணிக்கைக்கான கணக்கு. சீனியர் அதை அப்படியே எட்டுப் பேருக்குப் போட்டார். "எட்டுக்கு வர்க்கமூலம் 2.83." 0.83 ஆளை எங்கே போய்ப் பிடிப்பது என்று அக்கா கேட்டதும், "அடுப்படிக்குப் போயிருக்கிற ஆள்தான் அந்த 0.83" என்றார். இரண்டு என்று முடிவானது.

சனிக்கிழமையும் வர முடியாதவர்களுக்கு மெதுவாட்டம் வைத்தார்கள். வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் ஆடும் மாஃபியா. ஆட்டத்தில் ஒரு பகல் என்பது நிஜத்தில் 48 மணி நேரம். ஒரு நாளில் ஒரு செய்தியாவது போட வேண்டும், போடாவிட்டால் நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் பதிலாள். பல் டாக்டர் வீட்டு வரிசையிலும் மின்சார ரயிலிலும் ஆடலாம். சிங்கப்பூர்க்காரர் முதல்முறையாக விழித்திருந்து பொய் சொன்னார். எழுத்தில் நடுக்கம் கேட்காது. ஆனால் செவ்வாய்க்கிழமை சொன்னதை வியாழக்கிழமை மாற்றிச் சொன்னால் விரலால் மேலே தள்ளிப் பார்த்துப் பிடித்துவிடலாம். சீனியருக்கு இது இனிக்கவில்லை. அவர் புதனன்று போட்ட செய்தியை அவரே மறந்துவிட்டு மறுத்து, நான்காம் நாள் தூக்கில் ஏறினார். அவர் அப்பாவி.

எந்தச் சட்டத்தாலும் கட்ட முடியாதது ஒன்று உண்டு: ஆட்டம் முடிந்தபின் சீனியர் நடத்தும் பிரேதப் பரிசோதனை. "நீ எலெக்ட்ரிக்கல் ரூம் பக்கம் போனப்பவே எனக்குத் தெரியும்" என்று தொடங்கினால் ஒவ்வொரு கொலையும் நிமிடவாரியாக அலசப்படும். அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் ஏன் அப்பாவி ஆரஞ்சுக்கு ஓட்டுப் போட்டார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. இதற்கு 10 நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒவ்வொருவராக மியூட் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போவார்கள். மைக் அணைந்திருப்பதை மௌனமான ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு அவர் மேலே போவார்.

இந்தச் சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு. 9.30க்குத் தொடங்கி 10.45க்கு முடியும் என்று குழுவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை முடிந்தபோது மணி 12.20.