அம்பாசிடரில் நாதோபாசனை: ஒரு சாஸ்திரீய விசாரணை

1. விஷயப் பிரவேசம்

ஆராய்ச்சிக்குரிய பொருள்களையெல்லாம் முன்னோர் ஆராய்ந்து தீர்த்துவிட்டார்கள் என்றும், நமக்கென்று அவர்கள் மிச்சம் வைத்தது யாதுமில்லை என்றும் மனம் சோர்ந்திருப்போர், பழைய மோட்டார் காரில் நவீன ஒலியமைப்பைப் பொருத்துவது எங்ஙனம், பொருத்தியபின் அதனால் விளையும் பிரயோஜனம் யாது என்னும் இரு பெருங் கேள்விகளும் இன்றளவும் எந்த வித்வத் சபையிலும் எழுப்பப்படாமல், பட்டறை வாசலில் டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடி தீர்மானிக்கப்பட்டு வருவதைக் கவனிப்பார்களாயின், தங்கள் சோர்வு ஆதாரமற்றது என்பதை உணர்வார்கள். அந்தக் குறையை நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளாமல் விசாரணையில் இறங்குவது முறையன்று. பழைய கார் என்று இங்கே கொள்ளப்படுவது அம்பாசிடர்: இங்கிலாந்தின் கௌலியில் உருவான மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை ஏற்று, 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் அவதரித்து, முகப்பிலும் உள்ளலங்காரத்திலும் சிற்சில மாறுதல்களை அவ்வப்போது அனுமதித்ததேயன்றி உருண்ட தேகத்தை ஒருபோதும் இளைக்க விடாமல், மந்திரிகளையும் டாக்டர்களையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் பாரபட்சமின்றிச் சுமந்து, 2014-இல் உற்பத்தி நின்ற அந்த மகா வாகனம். நவீன ஒலியமைப்பு என்பது, செல்போனிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கும் செட், அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் பதிக்கும் முட்டை வடிவ ஸ்பீக்கர்கள், டிக்கியில் வாசம் செய்யும் சப்-ஊஃபர் ஆகியவற்றின் சமூகம்.

2. பூர்வ சரித்திரம்

ஓடும் காரில் பாட்டுக் கேட்கும் ஆசை இன்று நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரோடு கார் ரேடியோவை விற்கத் தொடங்கினார்கள். கிரைஸ்லர் நிறுவனமோ ஒரு படி மேலே சென்று, 1956-ஆம் ஆண்டுக் கார்களில், நிமிஷத்துக்கு 16⅔ சுற்றுச் சுழலும் இசைத்தட்டுப் பெட்டியையே டேஷ்போர்டுக்கு அடியில் அமைத்துக் கொடுத்தது. கிராமபோன் ஊசியும் சாலைப் பள்ளமும் நெடுங்காலம் சினேகமாக இருக்க இயலாது என்பது சில வருஷங்களிலேயே நிரூபணமாகி, அம்முயற்சி கைவிடப்பட்டது.

நம் நாட்டு நிலைமை வேறு. 1952-இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை வாசலுக்கு வெளியே நிறுத்த, நேயர்கள் சிற்றலையில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருகிக்கொண்டிருக்க, 1957-இல் விவித பாரதி தோன்றி அவர்களைத் திரும்ப அழைத்தது. அம்பாசிடரின் ஜனனமும் அதையொட்டியே நிகழ்ந்தது என்பதைத் தற்செயலாகக் கருதுவோர் உண்டு; ஆராய்ச்சியாளன் அவ்விதம் கருதினால் அவனுக்குத் தொழில் நடவாது. ரேடியோ வைத்திருப்பவர் தபாலாபீஸில் பணம் கட்டி உரிமம் பெறவேண்டியிருந்த அந்நாளில், காரில் ரேடியோ ஒலிப்பது சங்கீத ரசனைக்கு அறிகுறி என்பதைக் காட்டிலும் சொத்து மதிப்புக்கு அறிகுறியாகவே ஊரில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

3. மின்சார காண்டம்

ஒலியமைப்பைப் பொருத்த முற்படுவோன் முதலில் அறியவேண்டியது ராகமன்று, எர்த். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றைப் போலவே மூல ஆக்ஸ்போர்டிலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு பிணைக்கப்பட்டிருந்தது. இன்றைய செட்டுகள் யாவும் நெகட்டிவ் முனையே உடம்பு என்னும் கொள்கையில் ஊறியவை. இவ்விரண்டையும் விசாரியாமல் இணைத்தால், செட்டிலிருந்து கிளம்பும் முதல் ஓசையே அதன் கடைசி ஓசையாகவும் அமையும். ஆதலால் மிகப் பழைய வண்டியை உடையவர், பேட்டரியின் எந்த முனை உடம்பில் முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே அடுத்த காரியத்தில் இறங்கவேண்டும்.

முனைகளை மாற்றிக்கொள்வதும் சாத்தியமே. பேட்டரி ஒயர்களையும் இக்னிஷன் காயிலின் ஒயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்டு முனைக்கு வந்த ஒயரைக் கழற்றிவிட்டு, அம்முனையைப் பேட்டரியின் உயிருள்ள முனையால் கணநேரம் தொட்டு எடுத்தால், அதன் இரும்பில் தங்கியிருந்த பழைய காந்தம் திசை மாறிவிடுகிறது. ஜன்மாந்தர வாசனை எத்தனை பிறவி எடுத்தாலும் எளிதில் அகலாது என்று பெரியோர் கூறுவர். டைனமோவின் வாசனை ஒரு தீப்பொறியில் அகன்றுவிடுவதைப் பார்க்கும்போது, மோட்சத்துக்கு மனிதனைவிட டைனமோவே அதிக யோக்கியதை உடையது என்று ஊகிக்க இடமிருக்கிறது.

அடுத்தது வரவு செலவு. அக்காலத்து லூக்காஸ் வகை டைனமோ தரக்கூடிய உச்சம் ஏறத்தாழ 22 ஆம்பியர்; அதையும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதே தரும்; சிக்னலில் நிற்கையில் அது தரும் தொகை சொல்லத் தக்கதன்று. மழை பெய்யும் இரவொன்றை எடுத்துக்கொண்டால், முகப்பு விளக்குகளுக்கு ஏழரை, இக்னிஷனுக்கு நான்கு, சிறு விளக்குகளுக்கு இரண்டு, வைப்பருக்கு மூன்று என்று பதினாறரை ஆம்பியர் போக, சங்கீதத்துக்கு மிஞ்சுவது ஐந்தரை, அதாவது 66 வாட். ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒட்டிய லேபிளோ, நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று முழங்குகிறது. அந்த 200 வாட்டை உண்மையிலேயே இடைவிடாமல் வெளியிட வேண்டுமானால், சூடாகச் சிதறுவதைக் கணக்கில் சேர்க்காமலே 16 ஆம்பியருக்கு மேல் வேண்டும். விளக்குகள் மங்கி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் களைத்து நின்றுவிடும். அவ்விதம் நேராமல் இருப்பதற்குக் காரணம், லேபிள் கூறும் எண் கண்ணிமைக்கும் நேரத்து உச்சமேயன்றி நித்திய வருமானம் அன்று என்பதே. ஆக, லேபிளின் மிகையே காருக்கு ரட்சையாக அமைகிறது.

அந்நாளைய வயரிங்கில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள். துணி சுற்றிய பழைய ஒயர்கள் புதிய பாரத்தைச் சுமக்கச் சம்மதியா. எனவே பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, பேட்டரியின் அருகிலேயே அதற்கென ஒரு பியூஸ் வைப்பது அவசியம். இவ்வளவும் செய்தபின் செட்டைத் திருப்பினால், ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த உயர்ந்துகொண்டே போகும் ஒரு கீச்சுக் குரல் பாட்டினூடே கேட்கும். அது டைனமோவின் பிரஷ்ஷிலிருந்து எழுவது. கூடவே எழும் படபடப்பு ஸ்பார்க் பிளக்குகளின் கைங்கரியம். கண்டென்சராலும், தடையுள்ள பிளக் ஒயர்களாலும், எல்லா எர்த்தையும் ஓரிடத்தில் சேர்ப்பதாலும் இவற்றை அடக்கலாம். மத்திய அலை அளவுக்கு எஃப்.எம். இந்தப் படபடப்புக்கு அஞ்சுவதில்லை. அகில இந்திய வானொலியின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் சென்னையிலேயே ஆரம்பித்தது என்பதை இவ்வூர் அம்பாசிடர்க்காரர்கள் பெருமையோடு நினைக்கலாம்.

4. மதங்கள் மூன்று

செட்டை எங்கே வைப்பது என்பதில் ஆசாரியர்கள் மூன்று பிரிவாகப் பிரிந்திருக்கிறார்கள். காரும் செட்டும் என்றென்றும் வெவ்வேறு என்று கொள்வோர் துவைதிகள். இவர்கள் டேஷ்போர்டில் ஊசிமுனைத் துளையும் இடமாட்டார்கள். செட்டை ஆசனத்தின் அடியிலோ டிக்கியிலோ ஒளித்துவைத்து, தேவை தீர்ந்தால் சுவடில்லாமல் கழற்றிவிடுவார்கள். இரண்டும் ஒன்றே என்று சாதிப்போர் அத்வைதிகள்; இவர்கள் 180 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட திட்டமான துவாரத்தை ரம்பத்தால் அறுத்து, பின்னர் பெரிய திரை மீது ஆசை வந்தபோது உயரத்தை இரட்டித்து, டேஷ்போர்டு என்பதே மாயை என்னும் முடிவை எய்துவார்கள். பழைய ரேடியோவின் கூட்டையும் குமிழ்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் புதிய சர்க்யூட்டைக் குடியேற்றுவோர் விசிஷ்டாத்வைதிகள். சரீரம் பழையது, சரீரி புதிது. குமிழைத் திருகினால் சிற்றலைக்குப் பதில் செல்போன் பேசும். வெட்டிய தகரம் மீண்டும் கூடாது என்னும் பிரத்தியட்ச நியாயத்தால் இரண்டாம் மதம் தள்ளுபடியாகிறது. ஏனையவற்றுள் எது மேல் என்பது பர்ஸின் கனத்தைப் பொறுத்தது.

5. சுருதி நிர்ணயம்

இதுவரை எவரும் கவனியாத ஓர் உண்மையை இங்கே வெளியிடுகிறோம். நான்கு சிலிண்டர் எஞ்சின், ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிக்கிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்றில் விநாடிக்கு நூறு அதிர்வு. அதுவே ஒரு சுருதி. ஆண் பாடகர்கள் பலர் கைக்கொள்ளும் ஒரு கட்டைக்கு விநாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு என்பதால், எஞ்சினைச் சுமார் 3900 சுற்றிலோ, வண்டியின் வயதைக் கருதிக் கீழ் ஸ்தாயியாகிய 1960 சுற்றிலோ நிறுத்தினால், தம்புரா வேண்டியதில்லை. பெண் பாடகர்கள் பலருக்கு உரிய ஐந்து கட்டைக்கு 5900 சுற்று தேவை; அந்த எஞ்சின் அதற்கு உயிரோடு உடன்படாது; கீழ் ஸ்தாயியில் 2940 போதும்.

இதில் ஓர் அபாயம் உண்டு. 1960 சுற்றில் மோகனம் சுகமாக ஒலித்துக்கொண்டிருக்கையில், டிரைவர் லாரியை முந்தும் ஆவலில் 2205 சுற்றுக்கு ஏற்றிவிட்டால், ஆதார ஷட்ஜம் ரிஷபத்துக்குப் பெயர்ந்து, கிரகபேத நியாயப்படி மோகனம் மத்தியமாவதியாகக் கேட்கத் தொடங்கும். மத்தியமாவதி கச்சேரியின் மங்கள ராகமாதலால், பின் ஆசனத்துப் பெரியவர் கச்சேரி முடிந்ததாக எண்ணிச் செருப்பைத் தேடக்கூடும். வேக வரம்பை அறிவிக்கும் பலகைகளில் ராகத்தையும் குறிக்குமாறு நெடுஞ்சாலைத் துறைக்கு யோசனை கூறலாம்.

6. ஆட்சேபமும் சித்தாந்தமும்

இனி, எல்லாவற்றிலும் வலிய ஆட்சேபத்துக்கு வருவோம். பழைய காரை ஓட்டுபவனுக்குக் காதே பிரதானமான கருவி. டேப்பெட் தட்டுவதையும், யூனிவர்சல் ஜாயிண்ட் 'கடக்' என்பதையும், சக்கரத்து பேரிங் முனகுவதையும் அவன் கேட்டே அறிகிறான். மீட்டர்கள் உண்மை பேசுவது அவற்றின் மனம்போல. ஒலியமைப்பு வந்ததும் இக்குரல்கள் யாவும் அமுங்கிவிடுகின்றன. புதிய ஓசையொன்று தலைகாட்டினால் வண்டியை நிறுத்திப் பார்ப்பது பழைய சம்பிரதாயம். பாட்டை உயர்த்திவிடுவது புதிய சம்பிரதாயம். பிந்தியது உடனே பலன் தருவதும், செலவற்றதும், பேரிங் இறுகும் வரையில் பரம சௌக்கியமானதும் ஆகும் என்பதை மறுப்பதற்கில்லை; ஆனால் அதற்கு அப்பால் அது செல்லாது.

ஆகவே ஓடும்போது பாட்டுக் கூடாது என்பது முதல் தீர்மானம். நிறுத்தியபின் கேட்கலாமே எனின், எஞ்சின் நின்றால் டைனமோவும் நிற்கிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து ஆம்பியர் வீதம் மூன்று மணிக் கச்சேரி கேட்டால் 30 தீர்ந்து, பாதிதான் மிஞ்சும். அது முன்பே பல கோடைகளைக் கண்ட பேட்டரியாயின், மங்களம் முடிந்து சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் ஒரு பெருமூச்சோடு ஓயும். ஓடினால் கேட்கலாகாது, நின்றால் ஓடாது என்னும் இந்த விரோதத்தைப் பரிகரிக்க வழியில்லையோ என்று கலங்கவேண்டாம். வழி காரிலேயே இருக்கிறது.

அம்பாசிடரின் நீள ஆசனங்களில் டிரைவர் நீங்கலாக நால்வர் ஐவர் நெருக்கமின்றி அமரலாம். இவர்களே ரசிகர்கள், கச்சேரி முடிந்ததும் இவர்களே இறங்கி, ஒரு டன்னுக்கு மேற்பட்ட அவ்வாகனத்தைத் தள்ளிக் கொடுப்பவர்கள். ஸ்பீக்கர்களின் விலையையும் ஆம்ப்ளிஃபையரின் சக்தியையும் பற்றி மாதக் கணக்கில் விசாரிக்கும் உடைமையாளர், ரசிகர்களின் தோள்வலிமையை விசாரிப்பதில்லை. இத்துறையில் நேரும் தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் அதுவே. எனவே அழைப்புக்கு உரியோரைத் தேர்ந்தெடுக்கையில் ராக ஞானத்தை இரண்டாவதாகவும் தேக பலத்தை முதலாவதாகவும் கொள்ளவேண்டும் என்பதும், தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் கேன்டீனுக்கு எழுந்துபோகும் வழக்கமுள்ளவரை எக்காரணத்தை முன்னிட்டும் காரில் ஏற்றலாகாது என்பதும் இந்த ஆராய்ச்சியின் சித்தாந்தம்.