ஓர் எழுத்துப் பேட்ச்

காஞ்சிபுரம் பக்கம் முசரவாக்கத்தில், தறிக்கு அருகே மடிக்கணினியோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தால், "வேலை தேடுறியா தம்பி?" என்று கேட்டுவிடாதீர்கள். லினக்ஸ் கர்னலுக்குப் பேட்ச், அதாவது நிரலில் ஒரு திருத்தம், போடுகிறான். சம்பளமா? 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸும் பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தார் என்பான்.

காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கூடும். அங்கே வந்த முதல் வாரமே, "கர்னல்ல மெமரி மேனேஜ்மென்ட்டை மாத்தி எழுதப்போறேன்ணே" என்பான்.

"மொதல்ல கம்பைல் பண்ணிப் பாத்தியா?"

"இனிமேதான்ணே."

"பின்னாடி இன்னாப்பா, டொக்கு டொக்குனு?"

"தறிண்ணே."

"மைக்கை மூடு."

டி-ஷர்ட்டுக்காகப் பேட்ச் போடுகிற கூட்டம் வேறு. பேட்ச் போட்டால் டி-ஷர்ட் தந்த 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், கண்ட கண்ட ரீட்மீ கோப்பிலும் 'அற்புதமான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பி, விதியையே மாற்ற வைத்தவர்கள். நம்ம தம்பி மானஸ்தன்.

மூன்றாம் மாதம் ஆசை கொஞ்சம் இறங்கிவரும். மெமரியிலிருந்து டிரைவருக்கு, டிரைவரிலிருந்து குறிப்பு வரிக்கு. புதியவர்கள் கைபழகும் 'ஸ்டேஜிங்' பகுதியில், 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து இடம் மாறிக் கிடப்பதைக் கண்டுபிடிப்பான். அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் கிடையாது.

திருத்த ஒரு நிமிடம். அனுப்ப மூன்று வாரம். கர்னல் பேட்ச் மின்னஞ்சலில் போகவேண்டும். அதற்கென்றே 'கிட் சென்ட்-ஈமெயில்' இருக்கிறது. இவன் ஜிமெயிலில் ஒட்டி அனுப்புவான். டேப் எல்லாம் இடைவெளியாக உதிர்ந்துவிடும். பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மனின் தானியங்கி, பேட்ச் சிதைந்திருக்கிறது என்று பதில் போடும். ஆள்தான் எழுதுகிறார் என்று நினைத்து, "நன்றி சார், வீட்டில் எல்லோரும் நலமா?" என்று இவன் கேட்பான்.

இரண்டாவது தடவை 'சைண்ட்-ஆஃப்-பை' என்ற கையொப்ப வரி இருக்காது. மூன்றாவதில், போன தடவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பேட்சில் வரும் மூன்று கோட்டுக்குக் (---) கீழே எழுதியிருக்க மாட்டான்.

அப்பா தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்ப்பார். "பாவுல இழை அறுந்தா முடிச்சுப் போட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன். நீ யாருக்குடா தெனம் கடிதாசி போடுற?"

"நீ சேலையைக் கொண்டுபோனா முதலாளி விரிச்சுவெச்சு ஒவ்வொரு குறையாப் பாக்குறாரில்ல? அதான்ப்பா ரிவ்யூ."

"அவரு கூலி குடுக்குறாரே."

நாலாவது தடவை ஏற்றுக்கொள்வார்கள். அன்று தெருவுக்கே மிட்டாய். கிட் பதிவில் தன் பெயரை அப்பாவுக்குக் காட்டுவான். இனிஷியலில் தன் எழுத்து நிற்பதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்பார்:

"நீ திருத்துறதுக்கு முன்னாடி அது ஓடலையா?"

"ஓடிச்சுப்பா."

"இப்ப?"

"இப்பவும் ஓடுது."