ஊர்வல வண்டியின் ஜெனரேட்டரை இறக்கி ஏற்றும் சாஸ்திரம்

விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட மங்கலம்பேட்டையிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும், மாப்பிள்ளை அழைப்பிற்கும் சுவாமி புறப்பாட்டிற்கும் வெளிச்சம் தரும்பொருட்டு, 'குட்டியானை' என்று ஜனங்கள் செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் நிரந்தரமாகப் பூட்டப்பெற்ற டீசல் ஜெனரேட்டரை இறக்கிவிட்டுப் புதியதொன்றை ஏற்றும் கிரியையே ஈண்டு ஆராயப்படுவது. 1962-ல் அனல்மின் உற்பத்தி தொடங்கிய நெய்வேலி இருக்கும் ஜில்லாவில் ஜெனரேட்டருக்கு என்ன பிரமேயம் என்று வினவுவோர், 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையேறிய பின் இப்பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த இரவுகளை அறியாதவர்.

வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிச் சஞ்சரிக்கும் மேனாட்டார், ஜெனரேட்டருக்கென ஓர் அறையை முன்னதாகவே வகுத்துவிடுவர். நம்மவர் சம்பிரதாயமோ, முதலில் ஜெனரேட்டரைப் பூட்டி, பின்பு அதைச் சுற்றி வண்டியை வளர்ப்பது. மழைக்கு அஞ்சி ஒரு தகரக் கூரை, திருட்டுக்கு அஞ்சி ஒரு கம்பி வலை, ஒலிபெருக்கிப் பெட்டிக்கு ஒரு தட்டு, ஆபரேட்டர் சாய்ந்து உறங்க ஒரு பலகை என்று வருஷந்தோறும் ஒன்றாக வெல்டிங் வைக்கப்பட்டு வந்தமையால், இறக்குதல் என்பது அகழ்வாராய்ச்சியாகவே முடிகிறது. இயந்திரத்தைப் பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். நான்காவது, எந்த வண்டியிலும், அந்தப் பலகைக்கு நேர்கீழே இருக்கும்.

பாட்டரியில் எந்த வயரை முதலில் கழற்றுவது என்பதில் இரண்டு மதங்கள் உண்டு. பாசிட்டிவே முதல் என்பாரின் கட்சி கண்டனத்திற்குரியது. நெகடிவ் வண்டியின் இரும்புடம்போடு சேர்ந்திருப்பதால், பாசிட்டிவைப் பிடித்த ஸ்பானர் அவ்வுடம்பைத் தீண்டிய மாத்திரத்தில் தீப்பொறி எழுந்து, வாதியின் சித்தாந்தத்தையும் புருவத்தையும் ஒருங்கே போக்கிவிடும். ஆதலின் கழற்றுங்கால் நெகடிவ் முதலாவது. மாட்டுங்கால் அதுவே இறுதி.

புதிய யந்திரத்தின் கால்கள் பழைய துளைகளில் பொருந்தியதாக வரலாறு இல்லை. துளையிடும் அவசரத்தில் அடியிலிடும் ரப்பரை மறப்பது மகாபாதகம். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 50 சைக்கிள் மின்சாரம் தர நிமிஷத்திற்கு 1500 சுற்றுச் சுழன்றாக வேண்டும், அந்த அதிர்ச்சியில் நட்டுகள் ஒவ்வொன்றாக சந்நியாசம் கொள்ளும்.

எஞ்சியது புகைக்குழாயின் திசை. முன்னே திருப்பினால் நாதஸ்வரக்காரர் மூச்சுத் திணறி வாசிப்பை நிறுத்துவார். பக்கவாட்டில் திருப்பினால் சீர்வரிசைத் தட்டேந்திய பெண்டிர் வசைபாடுவர். எனவே, வண்டிக்குப் பின்னே வருவோரில் விழாவிற்குச் சந்தா கொடுத்தவர் ஒருவருமில்லை என்று கமிட்டியார் உறுதிசெய்த பின்னரே, அது பின்புறம் திருப்பி முடுக்கப்படுகிறது.